நின்றுகொண்டு போட்ட கையெழுத்து

மீட்டர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பத்து மணிகளில் ஆறு கிண்ணத்தில் விழுந்தன, மூன்று தரையில் ஓடின. மீதி ஒன்று எங்கே போனது என்பது கூட்டும்போதுதான் தெரியும். முந்தின வாரம் ஒன்று என் மூக்குக் கண்ணாடிக்கும் புருவத்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. அவருடைய மனைவி துடைப்பத்தோடு சுற்றிச் சுற்றி வந்தார்.

"உரிக்கச் சொன்னா விதைக்கிறாரு," என்றார்.

இருபத்திரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் எண்களைக் குறித்தவர். அதனால் தெருவுக்கே அவர் மீட்டர். வயது ஐம்பத்தொன்று. வந்திருப்பது ஹண்டிங்டன் நோய். மூளையில் சில பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும். கை, கால், முகம் எல்லாம் கேட்காமலே ஆடும். பேச்சு குழறும், பொறுமை போகும். குணப்படுத்த மருந்து கிடையாது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவருக்கு அது அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. அந்த அம்மாவைக் கடைசி வரை ஊர் குடிகாரி என்றுதான் நினைத்தது.

நான் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். வாரத்தில் ஐந்து நாள் அந்த வீட்டுக்குப் போவேன். நர்ஸ் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் எல்லோருக்கும் நான் நர்ஸம்மாதான்.

அந்த வீட்டில் மேஜையின் நான்கு மூலைகளுக்கும் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கோப்பைகளுக்கு மூடியும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் உண்டு. மீட்டரின் வலது கால் சொல்லாமல் கொள்ளாமல் உதைக்கும் என்பதால் அவருக்கு எதிர் நாற்காலியில் வீட்டார் யாரும் உட்காருவதில்லை. மனைவியின் தம்பி மட்டும் உட்காருவார். காப்பீட்டு ஏஜென்ட், நாலு வார்த்தை பேச வந்தால் நாற்பது பேசுவார். ஆறு வருடமாக உதை வாங்கியும் இடம் மாறி உட்காரத் தோன்றியதில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு மகளின் பதிவுத் திருமணம். மகளுக்கு மருந்துக்கடையில் வேலை, மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். இரண்டாவது சந்திப்பிலேயே அவள் அந்தப் பாதிக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர், "நான் மாட்டுற லிஃப்ட்டுக்கே ரெண்டு வருஷத்துக்கு மேல யாரும் காரண்டி குடுக்கறதில்ல," என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாராம். தனக்கும் அது வருமா என்று பரிசோதனை செய்துகொள்வதும் கொள்ளாததும் அவள் பாடு.

மூன்று சாட்சிகள் வேண்டும். முதல் சாட்சி தான்தான் என்று மீட்டர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை சொன்னார். "என் பொண்ணு. நான் போடுவேன்."

சிக்கல் பதிவு அலுவலகத்தில் இருந்தது. விண்ணப்பம் கொடுக்கப் போன அன்று அவருடைய நடையைப் பார்த்த அதிகாரி, "குடிச்சிருக்கறவங்க சாட்சி போட முடியாது," என்றார். அதற்கு டாக்டர் கடிதம் வாங்கியாயிற்று. ஆனால் அந்த அதிகாரி இன்னொன்றும் சொல்லியிருந்தார். பதிவேட்டில் சாட்சிக்கு ஒரு சின்னக் கட்டம். அதைத் தாண்டி மணமக்களின் கையெழுத்தின் மேல் கோடு விழுந்தால் பக்கமே ரத்து, அடுத்த தேதி நாற்பது நாள் கழித்துத்தான்.

"நான் போட்டுடறேன் அத்தான்," என்றார் தம்பி. "ஒரு கையெழுத்துதானே. எதுக்கு ரிஸ்க்?"

மீட்டரின் கால் பதில் சொல்லிற்று.

"பாத்தியாக்கா, வேணும்னேதான் உதைக்கிறாரு."

"இல்லடா. வேணும்னு உதைச்சா குறி தப்பும்," என்றார் அக்கா.

மூன்று வாரமாக நான் அவருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி: நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், முழங்கை மேஜைமேல், மணிக்கட்டில் மணல் பை, தடித்த பேனா. செய்தித்தாள்கள் கிழிந்தன. மேஜைவிரிப்பில் மீட்டர் ஒன்பது இடத்தில் கையெழுத்திட்டார். என் முன்கையில் ஒன்று விழுந்து இரண்டு நாள் அழியாமல் இருந்தது. கட்டத்துக்குள் மட்டும் ஒன்றும் விழவில்லை.

அன்று பட்டாணியை ஓரம் கட்டிவிட்டு மறுபடி உட்காரவைத்தேன். முப்பது தடவை முயன்றார். முப்பத்தோராவது தடவை பேனா பறந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தில் அடித்தது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசல் பக்கம் போனார்.

"விடுங்க நர்ஸம்மா," என்றார் மனைவி. "கோவம் வந்தா கரண்ட் மீட்டர் பெட்டிகிட்ட போயிடுவாரு. நம்பரைக் குறிச்சிட்டு வந்தா சரியாயிடும்."

விழுந்துவிடப் போகிறாரே என்று நான் பின்னால் போனேன். கதவுக்கு மேலே மீட்டர் பெட்டி. அவர் இடது தோளைக் கதவு நிலையில் சாய்த்து நின்று, ஒரு அட்டையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்து எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஐந்து இலக்கங்கள், கோணல்மாணல்தான், ஆனால் ஒரே வரிசையில். எனக்குச் சுருக்கென்றது.

"இவரு எப்பவும் நின்னுட்டேதான் எழுதுவாரா?"

"உக்காந்து எழுதி நான் பாத்ததே இல்லையே. எங்க கல்யாணத்துலயே நின்னுதான் போட்டாரு."

"மூணு வாரமா ஏம்மா சொல்லல?"

"நீங்க படிச்சவங்க. ஏதோ காரணமாத்தான் உக்கார வெக்கிறீங்கன்னு நெனச்சேன்."

தப்பு என்னுடையது. உட்கார்ந்து செய்வதுதான் எவருக்கும் பாதுகாப்பு என்று கற்றிருந்தேன். அது மற்றவர்களுக்கு. இவர் கை இருபத்திரண்டு வருடம் படித்தது வேறு பாடம். அட்டையில் கட்டம் வரைந்து அவர் நெஞ்சருகே கொடுத்தேன். பத்தில் நான்கு உள்ளே விழுந்தன.

"நாலுதானா?" என்றார் தம்பி.

"நாளைக்கு ஒண்ணுதான் வேணும்," என்றேன். களைத்தால் ஆட்டம் கூடும். அதனால் அதோடு நிறுத்தி, இரண்டு ஆள் சாப்பாடு கொடுத்துப் படுக்கவைத்தோம். ஓயாமல் ஆடும் உடம்புக்கு அவ்வளவு தேவை. ஜிம்முக்குப் போகிறவன்கூட இவ்வளவு சாப்பிடமாட்டான் என்பது மனைவியின் கணிப்பு.

மறுநாள் காலை அதிகாரி டாக்டர் கடிதத்தை மூன்று தடவை படித்தார். பிறகு குரல் மாறியது. "உக்காருங்க சார்."

"மாட்டேன்," என்றார் மீட்டர்.

"நின்னுட்டு நெஞ்சுக்கிட்ட வெச்சு எழுதினாத்தான் அவருக்குக் கை நிக்கும்," என்றேன் நான்.

"பதிவேடு மேஜையை விட்டு எழும்பக் கூடாதும்மா. விதி இருக்கு."

"எங்க இருக்கு அந்த விதி? காட்டுங்க."

அவர் இழுப்பறையைத் திறந்து தேடினார். அந்த நேரத்தில் மாப்பிள்ளை அந்தப் பெரிய பதிவேட்டைத் தூக்கி விரித்துத் தன் நெஞ்சில் சார்த்திப் பிடித்துக்கொண்டார்.

"ஆடாம பிடிக்கறது என் தொழில் மாமா. நீங்க எழுதுங்க."

மீட்டர் இடது தோளை அலமாரியில் சாய்த்தார். மகள் பின்னால் நின்று அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். அவர் உடனே எழுதவில்லை. ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு சின்ன ஓய்வு வரும். அதற்காகக் காத்திருந்தார். அதிகாரிகூட இழுப்பறையில் கையை வைத்தபடி அப்படியே நின்றார். ஓய்வு வந்தது. பேனா கட்டத்துக்குள் இறங்கி, வளைந்து, கீழே ஓடி, தாளை விட்டு வெளியேறி, மாப்பிள்ளையின் புதுச் சட்டையில் மூன்றாவது பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அதிகாரி பதிவேட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மணமக்கள் முதலிலேயே போட்டிருந்த கையெழுத்து மேல் வரிசையில் சுத்தமாக இருந்தது.

"மேல எதுவும் படல. செல்லும்," என்றார். "சட்டைக்கு இந்த ஆபீஸ் பொறுப்பில்ல."

அடுத்த இரண்டு சாட்சிகள் மனைவியும் தம்பியும். தம்பி போட்டுவிட்டு, அப்பாடா என்று மீட்டருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உதை முழங்காலிலேயே விழுந்தது.

மீட்டர் அதைக் கவனிக்கவில்லை. கதவுக்கு மேலே இருந்த ஆபீஸ் மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சீல் உடஞ்சிருக்கு," என்று அதிகாரியிடம் சொன்னார். சொன்னது புரிய அதிகாரிக்கு இரண்டு தடவை ஆயிற்று. பிறகு நாற்காலியில் ஏறிப் பெட்டியைப் பார்த்து, ஆமாம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

நான் பையிலிருந்து மூடி போட்ட கோப்பையை எடுத்து மீட்டருக்குப் பால் கொடுத்தேன். அவர் சாப்பாட்டு நேரம் தாண்டிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.