காப்பார் ராக்கெட் பந்தயமும் பவுடர் பூசிய ரப்பரும்

கிள்ளானுக்கு அப்பால் உள்ள காப்பார் ஊரில் நடந்த ராக்கெட் பந்தயத்துக்கு நான் கொண்டுபோன ரப்பர், முதல் சுற்றில் மூன்று தடவை அறுந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. இப்படிப் பந்தயம் பார்க்கவோ ராக்கெட் ஓட்டவோ கிளம்புகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

ராக்கெட் என்றதும் பயப்பட வேண்டாம், எதுவும் வெடிக்காது. அட்டைக் குழாய், மூக்கில் காற்றாடி, உள்ளே முறுக்கிய ரப்பர். முப்பது மீட்டர் தூண்டில் நரம்பில் தொங்கவிட்டு ஓட்டுவார்கள். இதற்கென்றே பதினான்கு பேர் உள்ள சங்கம் அங்கே இருந்தது. ஒரு வருட ரப்பரை ஒரே கடையில் வாங்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பிரிக்பீல்ட்ஸில் நான் ரப்பர் சாமான் கடை திறந்து அப்போது ஆறு மாதம்தான். ஆர்டர் கிடைத்துவிடும் என்ற தைரியத்தில், தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையிலிருந்து பத்துக் கிலோ ரப்பர் நாடா எடுத்துவிட்டேன். தொழிற்சாலைக்காரர்கள் திருப்பி வாங்க மாட்டார்கள்.

காலை 6.40-க்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். கிள்ளானில் இரண்டு ரொட்டி சானாய், இழுத்து ஆற்றிய பால் டீயான தே தாரிக் ஒன்று: ஒரு வெள்ளி (ரிங்கிட்) எண்பது காசு. காப்பார் திடலைச் சேரும்போது 8.15. மொத்தம் 48 கிலோமீட்டர், பெட்ரோல் மூன்று வெள்ளிக்குள்.

சங்கத்துக்குச் சாமான் வாங்குபவர் பரிமளம் அக்கா, அங்கேயே தையல் கடை வைத்திருப்பவர். என் ரப்பரைத் தன் ராக்கெட்டில் மாட்டி, கை டிரில்லால் முறுக்கினார். இருநூறு சுற்றுகூட வரவில்லை, பட்டென்று போனது. மூன்றாவதும் போனதும் என்னைப் பார்த்தார்.

"என்ன பாஸ், ரப்பரா சேமியாவா?"

விரலால் தடவினார். வெள்ளையாக ஒட்டியது.

"பவுடர் வேற! பொண்ணு பார்க்கவா கூட்டிட்டு வந்தீங்க?"

"சூட்டுல ஒட்டிக்கும்னு கடையில நான்தான் போட்டேன், அக்கா."

"முறுக்குறப்ப அது மண்ணு மாதிரி அறுக்கும் லா. ரெண்டு மணிக்கு அடுத்த சுத்து. அப்பவும் அறுந்தா வேற கடை பார்த்துக்கிறேன்."

கடைக்காரன் புத்தி எனக்கு. அலமாரியில் சரக்கு கெடக்கூடாது என்று பார்த்தேனே தவிர, அது எதற்குப் போகிறது என்று பார்க்கவில்லை.

பக்கத்துக் கடையில் சோப்பு அறுபது காசு, விளக்கெண்ணெய் ஒரு வெள்ளி இருபது. குழாயடியில் இரண்டு தடவை கழுவி, நிழலில் உலர்த்தினேன். வெயிலில் போட்டால் ரப்பர் செத்துவிடும். ஆறு இழையாக முடிச்சுப் போட்டு, இழைகள் ஒன்றையொன்று உரசி அறுக்காமல் இருக்கச் சில துளி விளக்கெண்ணெய் தடவி, இரண்டு மடங்கு நீளத்துக்கு மெதுவாக இழுத்து ஓயவிட்டேன். தன் ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்த இன்னொரு போட்டியாளரை அக்கா அதட்டினார்: "அது தலைக்கு! ரப்பர் ஊதிப் போகும்."

இரண்டு மணிக்கு நான் ராக்கெட்டைப் பிடித்தேன். அக்கா ரப்பரை நான்கு மடங்கு இழுத்து நின்று, மொத்தச் சுற்றுகளில் பாதியை முறுக்கினார். மீதியை ஓரோர் அடியாகக் கிட்டே வந்துகொண்டே முறுக்கினார். நானூறு. ஐந்நூறு. அறுநூறில் நிறுத்தினார்.

ராக்கெட் நரம்பின் கடைசிவரை ஓடி இரண்டாவதாக வந்தது.

போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள்; திடலில் நிழல் குறைவு. புதிய சரக்கை விற்கும் முன் ஒரு துண்டையாவது நீங்களே முறுக்கிப் பாருங்கள். நான் அன்றைக்குப் பிறகு அப்படித்தான் செய்கிறேன்.

அன்று பந்தயம் முடிந்ததும் அக்கா கிலோவை இருபது வெள்ளிக்குக் கேட்டார், நான் இருபத்து நான்கு சொன்னேன். கடைசியில் முடிந்தது இப்படி: மாதம் ஒரு கிலோ, பன்னிரண்டு மாதம், கிலோ இருபத்திரண்டு வெள்ளி. ஐந்நூறு சுற்றுக்குள் அறுந்தால் மாற்று ரப்பர் என் செலவு.