தினேஷைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான்

பச்சை வைக்கோல் வாசனை வந்தால் பலருக்குப் பொங்கல் ஞாபகம் வரும். எனக்கு ஒரு கையெழுத்து ஞாபகம் வரும்...

அப்போது தஞ்சாவூரை ஒட்டிய பூதலூர் பக்கம் அறுப்பு முடிந்த நேரம். சென்னையில் ஒரு புரொஃபஷனல் ஃபுட்பால் கிளப்பில் எனக்கு முதல் வேலை. டெசிக்னேஷன் என்ன தெரியுமா? டேலண்ட் டெவலப்மென்ட் எக்ஸிக்யூட்டிவ்! பெயர்தான் பெரிசு. அகாடமிக்குத் தேர்வான பையன்களின் பெற்றோரைப் பேசிச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை.

"நீ தஞ்சாவூர்க்காரன். உன் பேச்சுதான் அங்க எடுபடும்" என்று மேனேஜர் அனுப்பிவைத்தார்.

பையன் பெயர் தினேஷ். பதினொன்றாம் வகுப்பு. கோடைதோறும் வறண்ட வெண்ணாற்று மணலில் ஆடி ஆடி, காலில் அப்படி ஓர் உரம். ட்ரயலில் எங்கள் கோச் அவனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

அவன் அப்பா சேகர் அண்ணன், கூலிக்கு அறுத்தவர். அப்போதுதான் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்தார். பையன் காலேஜ் படியேற வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை.

"ஆடுறது இருக்கட்டும் தம்பி. படிப்பு என்னாவும்?"

"படிப்புக்கு நான் பொறுப்புண்ணே. சென்னையிலயே ஸ்கூல்ல சேத்துடுவோம். ரெண்டு வருசத்துல பாருங்க, டிவியில வருவான்."

நாக்கு கூசவே இல்லை. பொய் சொல்கிறோம் என்றும் தோன்றவில்லை. நானும் நம்பித் தொலைத்திருந்தேன்.

தினேஷின் அம்மா உள்ளே போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்து எடுத்துவந்தார். "ஒங்க கையில ஒப்படைச்சிட்டோம்" என்று என்னிடம் நீட்டினார். எங்கள் பக்கம் தாம்பூலம் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குமேல் கேள்வி கிடையாது. நான் ஃபாரத்தை நீட்டினேன்... அண்ணன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கிளப் என்ன செய்யும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரியும்.

தினேஷின் ஸ்கூல் அட்மிஷன் பற்றி நான் கேட்டபோதெல்லாம் மேனேஜர், "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்.

அடுத்த வருஷம் முதலாளி மாறினார். புது ஆட்கள், புது ஸ்ட்ராட்டஜி. வளர்ப்பதைவிட, வளர்ந்த பிளேயரை வாங்குவது லாபமாம். அகாடமியை மூடினார்கள். பையன்கள் பெயரெல்லாம் ரிலீஸ் லிஸ்ட்டில். வீட்டுக்குப் போன் போடும் வேலை? வேறு யார், தஞ்சாவூர்க்காரன்தான்.

சேகர் அண்ணன் கத்துவார் என்று பயந்துகொண்டே சொன்னேன்.

"சரிங்க தம்பி... எந்த ரயிலுக்கு ஏத்தி விடுறீங்க?"

அவ்வளவுதான்.

"ஒரு பேரண்ட்கூட சண்டைக்கு வரலையேப்பா! சூப்பரா ஹேண்டில் பண்ணிட்ட" என்று மேனேஜர் முதுகில் தட்டினார். அந்த வருஷம் எனக்குப் புரமோஷன். த்தூ!

தினேஷ் பன்னிரண்டாவது எழுதவே இல்லை. தன்னைவிடச் சின்னப் பையன்களோடு உட்கார வெட்கப்பட்டானாம். இப்போது அறுப்பு மெஷின் ஓட்டுகிறான்.

நான் வேறொரு கம்பெனியில் எச்.ஆர். ஹெட். ஏசி ரூமில் உட்கார்ந்து, 'மனிதர்களே நம் சொத்து' என்று ஸ்லைடு போட்டுப் பாடம் எடுக்கிறேன். யாரும் சிரிப்பதில்லை.

போன வாரம் சேகர் அண்ணன் போன் செய்தார். அப்போது இடுப்புக் குழந்தையாக இருந்த தினேஷின் தங்கை அபி, இப்போது நன்றாக ஃபுட்பால் ஆடுகிறாளாம். பெங்களூரில் ஏதோ கிளப் கூப்பிடுகிறதாம்.

"ஒங்களக் கேக்காம எப்புடி அனுப்புறது? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி."

இந்த மனுஷருக்கு என்மேல் கோபமே வராதா? தட்டுத்தடுமாறி, "படிப்பு, ஹாஸ்டல், எல்லாத்தயும் முதல்ல எழுதி வாங்கிக்கங்கண்ணே" என்றேன்.

"என்ன தம்பி நீங்க... ஒங்ககிட்ட நாங்க எழுதியா வாங்கினோம்?" என்றார்.

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் அதைப் பெருமையாகச் சொன்னார்.