வெளிச்சவீட்டை அளந்த அக்கா

யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிக் கணக்குப் படிக்க வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். ரயில்வே கந்தோரில் வேலை பார்த்த பெரியப்பா கூடாது என்றார். கணக்குப் படித்தால் குழம்பு தானாகக் கொதிக்குமா என்று வேறு கேட்டார். எங்கள் வீட்டில் அவர் சொன்னால் அதுதான் சட்டம். கடலுக்குப் போகிற அப்பா, தமையனை எதிர்த்து ஒரு சொல் பேசி அறியாதவர்.

அப்பா மெல்ல ஒரு யோசனை சொன்னார். தலைமன்னார் வெளிச்சவீட்டின் மேல்தளம் எத்தனை பாகம் உயரம் என்று அக்கா ஏறாமலே சொல்லட்டும். சரியென்றால் படிக்கட்டும், பிழையென்றால் வீட்டில் இருக்கட்டும். இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற நீளம்தான் பாகம்; எங்கள் கரையில் கயிறும் வலையும் கடலின் ஆழமும் எல்லாம் அந்தக் கணக்குத்தான். பெரியப்பா உடனே சம்மதித்தார். எனக்கோ அப்பா மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து போனோம். அக்கா மணலில் ஒரு கம்பை நட்டு, அதன் நிழல் கம்பளவுக்கு வரும்வரை காத்திருந்தாள். அந்த நேரத்தில் கோபுரத்தின் நிழலும் கோபுரத்தின் அளவுதானாம். ஓடிப்போய் மேல்தளத்தின் நிழலில் அடையாளம் வைத்து, கைகளை விரித்து விரித்து அளந்தாள். கோபுரத்தின் நடுவிலிருந்து அளக்க வேண்டுமென்று அடிச்சுவரின் அகலத்தில் பாதியையும் சேர்த்துக்கொண்டாள். பத்துப் பாகம் என்றாள்.

அப்பா காவல்காரரிடம் கேட்டு மேலே ஏறி, ஆழம் பார்க்கிற ஈயக்குண்டுக் கயிற்றைத் தரை தொடும்வரை விட்டு, மேல்தள மட்டத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். இறங்கி வந்து அளந்தார். எட்டரை. பெரியப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்படத் திரும்பினார். நான் அழத் தொடங்கிவிட்டேன்.

“பிழைச்சுப்போச்சே, பிள்ளை?” என்றார் அப்பா.

அக்கா கொஞ்ச நேரம் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கயிறைத் தாங்கோ, அப்பா. நான் என்ர கையாலயெல்லோ அளந்தனான்.”

அளந்தாள். பத்தில் முடிச்சு வந்தது. பெரியப்பா நம்பாமல் இன்னொருமுறை அளக்கச் சொன்னார், அப்போதும் பத்துத்தான்.

“சரி, போகட்டும். மடத்தில நான் கதைக்கிறன்,” என்றார்.

வீடு வரும்வரை நான் அப்பாவோடு பேசவில்லை. அவரோ பிழையாய் அளந்த வெட்கமே இல்லாமல் சிரித்த முகத்தோடு நடந்தார். எங்கள் ஊரில் கயிறு வாங்கப் போனால் யாருடைய கையால் அளந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். பிறந்ததிலிருந்து கயிற்றோடு கிடந்த மனிதர் இதைப்போய் எப்படி மறந்தார் என்று எனக்கு ஆத்திரம்.

அவர் மறக்கவே இல்லை என்பது எனக்கு விளங்க நெடுங்காலம் ஆயிற்று.