இடக்கைத் துவக்கு

என் மனைவி துவக்குச் சுடுகிறாள் என்றால் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒருவரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். கிழமை நாட்களில் திரான்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவள், ஞாயிறு பூசை முடிந்த கையோடு சுடுகழகத்துக்குப் போய், ஐம்பது மீற்றர் தள்ளித் தொங்கும் கடதாசியில் சட்டைப் பொத்தான் அளவு வட்டத்தைத் தேடிச் சுடுகிறாள். சும்மா இல்லை, அநேகமாக அதற்குள்ளேயே சுடுகிறாள்.

வன்னியிலிருந்து வந்தவள். துவக்கைக் கண்டால் ஓட வேண்டியவள். கூட வேலை செய்கிற பிரெஞ்சுக்காரி ஒருத்தி ஒருநாள் தன் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் நான் தாம்தூம் என்று குதித்தேன். அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "இது கடதாசியைத்தான் பாக்குது, ஆளைப் பாக்கேல்லை" என்றாள்.

ஒரேயொரு கரைச்சல். கழகத்துத் துவக்குகள் எல்லாம் வலக்கைக்காரருக்குச் செய்தவை. இவளுக்கோ இடக்கண்தான் நல்ல கண். வலத் தோளில் துவக்கை வைத்து இடக்கண்ணால் பார்க்கக் கழுத்தை எப்படியெல்லாமோ வளைப்பாள். வீட்டுக்கு வந்தால் நான் தைலம் பூச வேண்டும். பழக்குகிறவர் நேரே கேட்டிருக்கிறார், நீங்கள் இடக்கையா என்று. இவள் இல்லை என்று சாதித்துவிட்டாள்.

பச்சைப் பொய். வெங்காயம் வெட்டுவது இடக்கை. ஊசி கோப்பது இடக்கை. எனக்கு விரல் நீட்டி ஏசுவதும் இடக்கைதான். ஆனால் சாப்பிடுவது, எழுதுவது, ஒருவரிடம் ஒன்றை வாங்குவது, கொடுப்பது எல்லாம் சோத்துக்கை. சின்ன வயதில் அடித்தே திருத்திவிட்டார்கள். கடைசியில் கழுத்து வலிதான் வென்றது. இடக்கைத் துவக்கு ஒன்று கிடைத்தால் தொடர்ந்து சுடுவது, கிடைக்காவிட்டால் வருகிற கோடையோடு விட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். புதியது வாங்க எங்களால் ஏலாது. பழையதாகத் தேடினால் குதிரைக் கொம்பு. அப்போதுதான் ஆர்ஜொந்தெயில் ஒரு மூதாட்டி தன்னுடையதை விற்கிறார் என்று கழகத்தில் சொன்னார்கள்.

தொலைபேசியில் பேச அவளுக்குக் கூச்சம், அதனால் நான் எடுத்தேன். வணக்கம் சொல்லி முடிக்கவில்லை, அந்த மடாம் முதல் கேள்வியே, சுடுகிறவர் இடக்கையா என்று கேட்டார். எனக்குள் எந்தக் கலியாணத் தரகன் இருந்தானோ, பெண்ணைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்ற மாதிரி வாய் முந்திவிட்டது. சேச்சே, என் மனைவிக்கு அப்படிக் குறை ஒன்றும் இல்லை என்றேன். அப்படியானால் இது உங்களுக்குரியது அல்ல என்று அவர் போனை வைத்துவிட்டார்.

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். சொன்னேன். "உங்களை ஒரு அலுவலுக்கு விட்டால் உருப்பட்ட மாதிரித்தான்" என்றாள். கோபம் அதில் பாதிதான். மற்றப் பாதி என்ன என்று அவள் முகத்தில் தெரிந்தது. ஒருத்தி ஒன்றுக்கு இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்தது அருமை. திரும்ப எடுத்தேன்.

பத்து நிமிடத்துக்குள் உங்கள் மனைவியின் கை மாறிவிட்டதா என்று கேட்டார் மடாம். நல்ல கேள்விதான். கெஞ்சினேன். அவர் மனம் இரங்கினார் என்று சொல்ல முடியாது, சந்தேகத்தோடு சம்மதித்தார். வேறு இரண்டு பேர் கேட்கிறார்கள், பணம் அவசரமில்லை, அலுமாரியில் பூட்டி வைக்கப் போகிற ஆளுக்கோ பிழையான தோளில் வைக்கிற ஆளுக்கோ கொடுக்க மாட்டேன், சனிக்கிழமை வாருங்கள், என் கண்ணால் பார்க்க வேண்டும். பிடித்தாலும் கைமாற்றுவது துவக்குக் கடைக்காரர் முன்னால்தான், அது சட்டம். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது. மரியாதையும் வந்தது.

நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையில் சனிக்கிழமை லீவு கேட்பதென்றால் முதலாளியின் காலில் விழவேண்டும். காரணத்தைச் சொன்னதும் கூட நிற்கிற பெடியன் மரவள்ளிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். "அண்ணை, துவக்குக்குப் பயந்துதானே எல்லாரும் இஞ்சை ஓடி வந்தனாங்கள். நீங்கள் காசு குடுத்து வாங்கப் போறியளோ?" கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

மடாமின் வீட்டுக்கு ஆற்றங்கரைப் பக்கமாக நடந்து போனோம். உயரமான மனுஷி, கட்டையாக வெட்டிய வெள்ளை முடி. இடத்தோளில் சத்திரசிகிச்சை, இனிச் சுட ஏலாது. முதலில் மனைவியின் கழக அட்டையைக் கண்ணாடி போட்டு வாசித்தார். பிறகு கோப்பி தந்தார். என் ஆள் வலக்கையால் வாங்கினாள். பிஸ்கோத்தையும் வலக்கையால் எடுத்தாள். மடாம் கண் எடுக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்தார். துவக்கைத் திறந்து உள்ளே குண்டு இல்லை என்பதை எங்கள் இருவருக்கும் காட்டிய பிறகுதான் வெளியே எடுத்தார். எனக்குத் துவக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன், அது அழகான சாமான். வாதுமை மரப்பிடி, கை படும் இடமெல்லாம் கறுத்து மினுங்கியது. கன்னம் வைக்கும் பலகையை ஏற்றலாம் இறக்கலாம். ஒரு கீறல் இல்லை, ஒரு தூசி இல்லை. எத்தனையோ வருடம் ஒரு ஆள் ஒரு பொருளை இப்படி வைத்திருந்தாரே என்று மலைத்துப் போனேன்.

மடாம் அதை நீட்டினார். மனைவி வலக்கையை நீட்டினாள்.

துவக்கு உடனே பின்னால் போயிற்று. மடாம் என்னைப் பார்த்தார். நீங்கள் முதல் சொன்னதுதான் உண்மை, இவர் வலக்கை என்றார்.

"இடக்கையாலை வாங்குமப்பா" என்றேன் நான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வயசு போன மனிசியிட்டை இடக்கையாலை வாங்கிறதோ? என்ன கதைக்கிறியள்?"

அவள் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு தூரம் வந்து, ஆசைப்பட்டது கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, அந்தக் கை வரமாட்டேன் என்கிறது. அவமரியாதை செய்து வாங்க அவளால் முடியாது. எனக்கு வந்த பிரெஞ்சில் மடாமுக்கு விளக்கினேன். எங்கள் ஆட்கள் பெரியவர்களிடம் ஒன்றையும் இடக்கையால் வாங்குவதில்லை, உங்களை மதித்துத்தான் அப்படி, மற்றப்படி அவள் இடக்கைதான் என்றேன்.

மடாம் யோசித்தார். கோப்பிக் கோப்பைகளை ஒதுக்கினார். மேசையில் ஒரு கம்பளத்தை விரித்து, துவக்கை அதன்மேல் வைத்துவிட்டு, சுவரோடு போய் நின்றார்.

"நான் தரவில்லை. அது மேசையில் கிடக்கிறது. நீங்களாக எடுங்கள்."

என்ன மூளை! கும்பிடலாம் போல இருந்தது. எங்கள் ஊரில் ஒரு பெரியவருக்குக்கூட இது தோன்றியிருக்காது.

மனைவி கண்ணைத் துடைத்தாள். மேசையடியில் போய் நின்றாள். இடக்கை போய்ப் பிடியைப் பிடித்தது. துவக்கு இடத்தோளில் ஏறியது, கன்னம் பலகையில் அமர்ந்தது. கழுத்து வளையவேயில்லை. யன்னலுக்கு அப்பால் எதிர்ச்சுவரில் எதையோ பார்த்தபடி நின்றாள். மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்கிறேன், இவளை இவ்வளவு நேராக ஒருநாளும் கண்டதில்லை.

மடாம் கிட்ட வந்து சுற்றிப் பார்த்தார். கன்னப் பலகையைச் சற்று இறக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார், இவ்வளவு காலமும் இந்தக் கையை யார் பிடித்து வைத்திருந்தது என்று.

மனைவி திரும்பாமலே தமிழில் சொன்னாள். "அடிச்சவை எல்லாரும் எப்பவோ செத்துப் போச்சினம். அதுக்குப் பிறகு நான்தான் காவல் நிண்டனான். சொல்லுங்கோ அவவுக்கு."

சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னேன். என் பிரெஞ்சு உடைந்துதான் வந்தது, ஆனால் மடாமுக்கு விளங்கியது. அவர் விலைக்குக் கேட்டிருந்த மற்ற இருவருக்கும் போன் எடுத்து, துவக்கு போய்விட்டது, அதற்குரிய ஆள் வந்துவிட்டார் என்று சொன்னார்.

இரண்டு அழைப்பும் முடிந்த பிறகும் மனைவி துவக்கைத் தோளிலிருந்து இறக்கவில்லை.