புரொப்பியானிக் அமிலத்துக்கு எந்த ஊர்

வேலூரில் நான் ஆராய்ச்சி செய்த கல்லூரியில் எங்கள் ஆய்வகத்துக்கென்று ஒரு வாடை உண்டு. புரொப்பியானிக் அமிலத்தைக் கொதிக்க வைப்பதால் வருவது. புளித்த மோரையும் வேர்வை ஊறிய சட்டையையும் ஒரே பக்கெட்டில் போட்டு மூடி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. அந்த அமிலம் இல்லாமல் எங்கள் சாயம் பிறக்காது. அது கொதிக்கும்போது பைரோலையும் ஆல்டிஹைடையும் அதில் விட வேண்டும். சற்று நேரத்தில் குடுவை முழுக்கத் தார் போலக் கறுத்துவிடும். முதல்முறை பார்ப்பவர்கள் எல்லாம் கெட்டுப்போயிற்று என்றுதான் நினைப்பார்கள். ஆறவிட்டு வடிகட்டி, மெத்தனால் ஊற்றிக் கழுவக் கழுவ, கத்தரிப்பூ நிறத்தில் மினுமினுவென்று கொஞ்சம் தூள் மிஞ்சும். அதுதான் போர்ஃபிரின். இலையின் பச்சைக்கு உறவுக்காரப் பொருள். வெயிலை வாங்கி மின்சாரமாக்கும் கண்ணாடிச் சில்லுகளுக்கு அதிலிருந்துதான் நாங்கள் சாயம் செய்தோம்.

புகையை இழுக்க வைத்திருந்த கூண்டின் விசிறி தனக்குத் தோன்றினால் ஓடும். மற்ற நாட்களில் புகை எங்கள் தலைமுடிக்குள்தான் போகும். சீயக்காய், எலுமிச்சை, காப்பித்தூள் எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டேன். அது போகாது.

என்னோடு இன்னொருவனும் இதே ஆராய்ச்சியில் இருந்தான். காட்பாடிக்காரன். பக்கத்துப் பக்கத்து மேசை, ஒரே அமிலம், ஒரே புகை. அவன் கேன்டீனுக்குள் நுழைந்தால், "இன்னாடா, இன்னைக்கு ரியாக்‌ஷன் போட்டியா?" என்று சிரிப்பார்கள். நான் நுழைந்தால், "ஆம்பூர்லேர்ந்தா வர்றீங்க?" என்று கேட்பார்கள்.

ஆம்பூர் என்றால் தோல், பதனிடும் தோலின் வாடை. அதில் பொய் ஒன்றும் இல்லை. தினமும் ஆம்பூரில் பாசஞ்சர் வண்டி ஏறிக் காட்பாடியில் இறங்குகிறவள்தான் நான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா தோல் கம்பெனியில் தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறார். ஆனால் அவர் வேலை முடிந்ததும் லைஃப்பாய் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். எங்கள் வீட்டில் தோல் வாடை அடித்து நான் கண்டதில்லை. என் மேல் அடித்தது கல்லூரியின் வாடை. அதைக் கல்லூரிக்காரர்களே என் ஊருக்கு எழுதி வைத்தார்கள்.

ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் அமில பாட்டிலைக் கேன்டீனுக்கே கொண்டுபோய் மூடியைத் திறந்து நீட்டினேன். "மோந்து பாருங்க, இதான்" என்றேன். ஒருவர் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஐயே, இதுவும் ஆம்பூர் மாதிரிதான் இருக்கு" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. காட்பாடிக்காரனும் சிரித்தான். அதன் பிறகு நான் சோற்றை ஆய்வக மேசையிலேயே வைத்துத் தின்னப் பழகிக்கொண்டேன்.

இத்தனைக்கும் சாயம் எனக்குத்தான் வந்தது. போர்ஃபிரினின் ஒரு முனையில் கண்ணாடிப் பூச்சைப் பிடித்துக்கொள்ள ஓர் அமிலக் கையும், எதிர் முனையில் எலக்ட்ரானைத் தள்ளிவிட ஓர் அணுக் கூட்டமும் ஒட்டவைக்க வேண்டும். ஒட்டுவதற்குள் உயிர் போய்விடும். சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றினால் எல்லாம் கலந்து ஒரே பட்டையாக இறங்கும். நான் விடாமல் பிரித்தேன். கடைசியில் கரும்பச்சையாக ஒரு சிட்டிகை கிடைத்தது. அதில் ஊறவைத்த சில்லு விளக்கடியில் கொடுத்த மின்சாரத்தை எங்கள் ஆய்வகத்தில் வேறு எந்தச் சாயமும் கொடுத்ததில்லை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூர்ப் பக்கம் சூரிய மின்கலத்துக்கென்று புதிய ஆய்வுக்கூடம் தொடங்கும் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. வேலைகளைப் பார்த்துவிட்டு எங்களில் ஒருவரை எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். வேண்டும் என்றால், அவ்வளவு வேண்டும். அது கிடைக்காவிட்டால் நான் படித்த வேதியியலுக்கு எங்கள் பக்கம் இருக்கும் ஒரே இடம் தோல் கம்பெனியின் சோதனை அறை. அங்கே போகாமல் இருக்கத்தான் அப்பா என்னைப் படிக்கவே வைத்தார்.

அவர்கள் வரும் நாள் காலையில் எங்கள் பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ உள்ள ரூம்ல சோலார் செல் எல்லாம் பாத்துக்கம்மா. வெளிய அவன் எக்ஸ்ப்ளெயின் பண்ணட்டும். கொஞ்சம் ஸ்மெல் இருக்கு இல்ல, தப்பா எடுத்துக்காத" என்றார். முந்தைய நாள் அமிலக் குடுவையைக் கொதிக்க வைத்தவன் அவன்தான், நான் இல்லை. அதைச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கதவுக்கு உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் நன்றாகத்தான் பேசினான். "நாங்கள் தயாரித்த சாயம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அந்த நாங்களில் நான் எந்த மூலையில் இருந்தேனோ.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வந்தவர்களில் ஒரு அம்மா, கம்பெனியின் மூத்த விஞ்ஞானி, தனியாக உள்ளே வந்தார். வந்ததும் மூச்சை இழுத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "புரொப்பியானிக் ஆசிட்! நான் பிஎச்டி பண்ணப்போ அஞ்சு வருஷம் இதே வாசனைதான். பஸ்ல ஒருத்தரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க" என்றார்.

வாசனை என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழுந்திருப்பேன்.

பச்சைச் சில்லைக் கையில் எடுத்து, இதைப் பிரித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். எப்படி என்று கேட்டார். சொல்லச் சொல்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். குழாயில் எந்தக் கரைப்பானை எப்போது மாற்றினேன், போர்ஃபிரினின் நடுவில் துத்தநாகத்தை எப்போது வைத்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "இதெல்லாம் அந்தப் பையன் சொல்லவே இல்லையே" என்றார். வேலை எனக்குத்தான் என்று என் மனசு ஆகாயத்தில் பறந்தது.

எழுந்திருக்கும்போது சாதாரணமாகக் கேட்டார். "எந்த ஊரும்மா நீங்க?"

"ஆம்பூர் மேடம்."

"ஓ, லெதர்!" என்றார். திரும்பவும் மூச்சை இழுத்தார். "அதானே பாத்தேன், அந்த வாடையும் சேந்திருக்கு போல." கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடியே வெளியே போனார். கெட்ட மனசு இல்லை. அந்த மூக்குக்கு நான்தான் ஊர்ப்பெயர் சொல்லிக்கொடுத்தேன், அது உடனே கற்றுக்கொண்டது.

அடுத்த வாரம் காட்பாடிக்காரனுக்கு வேலை உத்தரவு வந்தது. கிளம்புவதற்கு முன் பச்சைச் சாயத்தில் கொஞ்சம் கேட்டான். எனக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அன்று அப்பா வேலையிலிருந்து வந்து, குளித்து, ஈரத் துண்டோடு உட்கார்ந்தார். "இன்னாம்மா ஆச்சு?" என்றார். அவனை எடுத்துவிட்டார்கள் என்றேன். கேன்டீன், பேராசிரியர், அந்த அம்மா எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கத்துவார், யாரையாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அது தேவையாக இருந்தது.

"ஊர் கேட்டப்போ இன்னா சொன்ன?"

"ஆம்பூர்னுதான்பா."

"வேலூர்னு சொல்லியிருக்கலாம் இல்ல? முன்ன நம்மளும் வேலூர் ஜில்லாதான. பொய் ஆவாது" என்றார். "நான் வெளியூர் போனா அப்டித்தான் சொல்வேன்."

எத்தனை காலமாக அப்படிச் சொல்கிறாரோ என்று நினைத்தபடி அவர் ஈரத் துண்டை வாங்கிக் கொடியில் போட்டேன்.