ஆக்னஸ் அக்காவின் மார்கழி

திரேஸ்புரத்தில் மீன் விற்கும் ஆக்னஸ் அக்காவிடம் காலையில் கருப்பட்டிக் காப்பி உள்ளே இறங்கும்வரை யாரும் வாய் கொடுப்பதில்லை. குடித்த பிறகும் யோசித்துத்தான் பேச வேண்டும். ஆனால் உதவி என்று போய் நின்றால் திட்டிக்கொண்டே செய்து முடித்துவிடுவாள்.

போன ஐப்பசி மழையில் எங்கள் பகுதியில் ஐந்தாறு குடும்பங்களுக்கு வீடு விழுந்தது. மாதா கோயில் மண்டபத்தில் ஒரு வாரம், பள்ளிவாசல் கூடத்தில் ஒரு வாரம், பிள்ளையார் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒரு வாரம் என்று மூன்று தரப்பாரும் முறை வைத்துத் தங்க இடம் கொடுத்துச் சோறு போட்டோம். சனிக்கிழமைதோறும் பாயையும் பாத்திரத்தையும் ஆட்டோவில் ஏற்றி அடுத்த இடத்தில் இறக்குவது அக்காவின் பொறுப்பு.

அந்தக் குடும்பங்களில் உப்பளத்தில் வேலை பார்க்கிற உமாராணியின் குடும்பமும் ஒன்று. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவளுடைய சின்ன மகள், "இது யாரு வீடும்மா?" என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் அக்கா அந்தக் கேள்விக்கு மட்டும் காது கேட்காதவள் மாதிரிப் பாயைச் சுருட்டுவாள்.

மார்கழி பிறந்ததும் உமாராணிக்கு வாடகைக்கு ஒரு வீடு அமைந்தது. கப்பலில் வேலை பார்க்கும் பவுலின் வீடு. பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த தெரு. பள்ளிவாசல்காரர்கள் புது கேஸ் அடுப்பே வாங்கி அங்கே வைத்துவிட்டார்கள். உமாராணி சுவரைத் தடவிப் பார்த்தாள். பிறகு அழுதுவிட்டாள்.

"மார்கழியில குடி போகக்கூடாதுக்கா. தை பொறக்கட்டும். ஒரு தடவ வீடு விழுந்தது போதும்."

பவுலுக்கோ அந்த வாரமே கப்பலேற வேண்டும். "வீட்டப் பூட்டிப் போட்டுட்டுப் போக முடியாதுக்கா. துறைமுகத்துல வேல பாக்குற ஒருத்தர் நாளைக்கே வாரேன்னு சொல்லுதாரு," என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் இந்த வீட்டை விட்டால் உமாராணிக்கு அடுத்த வீடு எப்போது அமையும் என்று யாருக்கும் தெரியாது.

அக்கா உமாராணியைப் பொரிந்து தள்ளப் போகிறாள் என்று நினைத்தோம். அவளோ பவுலிடம் கையை நீட்டினாள்.

"ஏலே, சாவிய இங்கன கொடு. எனக்கு மார்கழி கிடையாது, கிறிஸ்மஸ்தான் உண்டு. தை வரைக்கும் நான் இருக்கேன்."

சொன்னபடியே பாயும் தலையணையுமாகப் போய் வாசலில் நட்சத்திரம் கட்டினாள். மார்கழியில் கல்யாணம் கிடையாதே, அதனால் பிள்ளையார் கோயில் மண்டபம் சும்மாதான் கிடந்தது. மாதம் முழுக்க எல்லோரும் அங்கேயே இருக்கட்டும் என்று தர்மகர்த்தா வன்னியபெருமாள் அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

ஒன்றுதான் எங்களுக்குப் புரியவில்லை. அக்கா தினமும் விடியுமுன் மண்டபத்துக்கு வந்து காப்பிக்கு நிற்பாள். ராத்திரிச் சாப்பாடும் அங்கேதான்.

"ரெண்டு வீடு வச்சிருக்கவளுக்கு இங்கன என்ன பந்தி?" என்று அண்ணாச்சி கேலி செய்தார்.

"எனக்கு அடுப்படியில நிக்க முடியல அண்ணாச்சி. ஊத்துனா ஊத்துங்க, இல்லன்னா போங்க," என்று டம்ளரை நீட்டினாள். காசு மிச்சம் பிடிக்கிறாள் என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

தை முதல் நாள் காலையில் எல்லோரும் பவுல் வீட்டுக்குப் போனோம். அக்கா பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கிளம்பத் தயாராக நின்றாள். பால் பாத்திரத்தோடு அடுப்படிக்குள் போன உமாராணி அப்படியே நின்றுவிட்டாள். புது அடுப்பின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படவில்லை.

"ஒரு மாசமா அடுப்பே பத்த வைக்கலையாக்கா?"

"ஏளா, இது நீ வாழப்போற வீடு. மொதப் பால நீதான் பொங்க வைக்கணும். அதுக்கு முந்தி நான் அதுல காப்பி போட்டா நல்லாவா இருக்கும்?"

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உமாராணி தாளை உரித்து அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கி வழிந்தது.

சின்னவள் வழக்கம்போல, "இது யாரு வீடும்மா?" என்றாள்.

இந்த முறை அக்காவே பதில் சொன்னாள். "ஒங்க வீடுதான். ஒங்கம்மைய எனக்கு ஒரு கருப்பட்டிக் காப்பி போடச் சொல்லு."