தேவாவுக்கு குடுத்த பத்து நிமிசம்

தேவா பெயிண்டர். மாமல்லபுரம் பக்கம் எந்த ஓட்டல்ல சொவரு பளபளன்னு கீதோ, அது அவன் கை. ரெண்டு வயசுல இலங்கைலேர்ந்து படகுல வந்தவன், இப்ப முப்பத்தெட்டு. திருப்போரூர் தாண்டி அகதி முகாம்ல பொண்டாட்டி ரஞ்சிதாவோட ஒரே ரூம்பு. வாயத் தொறந்தா "இன்னா நைனா"தான். ஊர்ப்பேச்சும் வராது, ஊரும் ஞாபகம் இல்ல.

ஈசிஆர் ஓட்டல் ஒண்ணுல ஹால் சொவரு அடிச்சிகினு இருந்தப்ப, ஜெஸ்ஸின்னு ஒரு வக்கீலம்மா வந்து புடிச்சாங்க. சனிக்கெழம அங்கயே மீட்டிங்காம். ஒரு இனம் தன் தலையெழுத்த தானே முடிவு பண்ண சட்டத்துல உரிமை கீதா இல்லியான்னு பேசப் போறாங்களாம். உங்க ஜனத்துக்கு என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணும்னாங்க. பத்து நிமிசம், மதியம் ரெண்டு மணிக்கு.

ஒண்ணுதான் ஒதைச்சிது. அன்னிக்கு நாலு மணிக்கு முகாம்ல ஆளு செக்கிங். பேரு கூப்புடறப்ப கை தூக்கலன்னா பதிவேட்டுலேர்ந்து எடுத்துடுவாங்க. அப்பறம் ரூம்பும் இல்ல, அரிசியும் இல்ல. ரெண்டு மணிதான, வந்துரலாம்னு நெனச்சான்.

இன்னா பேசுவேன்னு ரஞ்சிதா கேட்டா. இங்க இருன்னு சொல்லுங்க, இல்ல போன்னு சொல்லுங்க, ரெண்டுல ஒண்ண எழுதிக் குடுங்கன்னு கேப்பேன்னான். இதுக்கு எதுக்குய்யா பத்து நிமிசம்னா அவ.

சனிக்கெழம மேசைல அவன் பேரு போட்ட அட்ட நின்னுது. சாப்பாடு பலமா இருந்த தெம்புல ஒரு பேராசிரியர் மைக்கப் புடிச்சவரு வுடல. வெள்ளக்காரன் ஆண்ட நாட்டுக்கெல்லாம் அந்த உரிமை இருந்திச்சாம். அவன் போனப்பறம் உள்ள இருக்கற ஜனம் கேட்டா, அவன் போட்ட எல்லதான் எல்லன்னுட்டாங்களாம். ஜனம்னா யாருன்னே எங்கயும் சரியா எழுதலியாம். தேவா சொவத்தப் பாத்துகினு இருந்தான். ஜன்னலுக்கு மேல பெயிண்ட் ரோலர் தடம் கோடா தெரிஞ்சிது.

மூணே கால் ஆனப்ப எழுந்தான். அடுத்தது நீங்கதான், உக்காருங்கன்னு ஜெஸ்ஸி ஓடியாந்தாங்க.

"இல்ல மேடம். போயி கை தூக்கணும்."

கூட வேல செய்ற தமிழ்வாணனோட வண்டிய வாங்கிகினு முகாமுக்குப் போனான். ஆபிசர் சீக்கிரமே ஆரம்பிச்சி, அவன் பேரத் தாண்டிட்டாரு. இதோ வந்துருவான்னு சொல்லிகினு ரஞ்சிதா அவரு மேசைய வுட்டு நகரல.

"எங்க போயிருந்த?"

"ஓட்டல்ல சார்."

"மீட்டிங்காமே. என்ன பேசின?"

"ஒண்ணும் பேசல சார்."

ஆபிசர் மேலயும் கீழயும் பாத்தாரு. டிக் போட்டாரு.

திங்கக்கெழம அதே ஹாலுக்குப் போயி, ஜன்னலுக்கு மேல இன்னொரு தபா அடிச்சான். பேரு அட்ட அங்கயே கெடந்திச்சி. தரைல சொட்டாம இருக்க, எடுத்து டப்பாவுக்கு அடியில வெச்சான்.